குளிராத கல்

"தொட்டுப் பாருங்க மேடம், கண்ணால பார்த்தா எல்லாக் கல்லும் ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்கிறாள் ஜெயசீலி. இந்தக் கிரானைட் கடைக்கு அவள்தான் மேனேஜர். முப்பத்தைந்து வயதிருக்கும், துப்பட்டாவை இடுப்பில் இழுத்து முடிந்திருக்கிறாள், ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் ஈரத்துணி. கல்லின் மேல் தண்ணீரைத் தெளித்துத் துணியால் ஒரே இழுப்பாக இழுக்கிறாள், தூசி படிந்து சாம்பலாகக் கிடந்தது கருகருவென்று ஆகி என் முகம் அதில் தெரிகிறது. நான் இடது கையை நீட்டித் தொடுகிறேன். சில்லென்று இருக்கிறது. மார்ச் மாதத்துத் திருச்சியில், தகரக் கொட்டகைக்கு அடியில், காலை பத்து மணிக்கே வியர்த்து வழிகிற இடத்தில் இந்தக் கல்லுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு குளிர்ச்சி. நல்லா இருக்கு என்கிறேன். வலது கையால் கைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். தோளில் மாட்டியிருக்கலாம், எப்போதும் தோளில்தான் மாட்டுவேன், இன்றைக்கு அது கையில் இருப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. அவர் கேட்க மாட்டார். அவர் அங்கே அடுத்த கல்லின் முன்னால் குனிந்து விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் இரும்பைத் தட்டித் தட்டி விரிசல் கண்டுபிடித்தவர், என் வீட்டுக்காரர் சிவகுருநாதன். கல்லின் உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மாறும் என்கிறார். சத்தத்தை வைத்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறவர். என்னிடம் சத்தம் மாறியது அவருக்குக் கேட்டிருக்குமோ. கேட்டிருக்காது. கேட்டிருந்தால் இந்நேரம் கேட்டிருப்பார்.

இன்றைக்கு முடிவு பண்ணியாக வேண்டும். வீட்டில் சமையலறை என்று ஒன்று இப்போது கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக் கடப்பாக்கல் மேடையை வியாழக்கிழமை உடைத்து எடுத்துவிட்டார்கள், துண்டு துண்டாக வாசலில் கிடக்கிறது, கூடத்தில் மேஜை போட்டு அதன் மேல் அடுப்பை வைத்துச் சமைக்கிறேன். திங்கட்கிழமை கொத்தனார் வந்து அளவெடுப்பார், கல் சொல்லியாகிவிட்டதா என்பார். மேடையை மாற்றுவோம் என்று தொடங்கியது நான்தான். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், கடப்பாக்கல் விரிந்துபோய் அந்த விரிசலில் மாவும் எண்ணெயும் இறங்கிக் கரப்பான் வந்தது. அவர் சரி சரி என்று தள்ளிப்போட்டார். பிறகு ஒரு நாள், போன நவம்பரில், சரி பண்ணிடுவோம் என்று அவரே சொன்னபோது எனக்கு மேடையில் ஆசை போயிருந்தது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டும், என்னிடம் இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது, அதனால் சரி என்றேன். "சார், டேன் பிரவுன் பாருங்க, ஸ்டீல் கிரே பாருங்க, இது ஜெட் பிளாக்" என்று ஜெயசீலி ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டே போகிறாள். சாய்ந்து நிற்கிற கற்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல், இரும்புச் சட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து. பின்பக்கம் கல் அறுக்கிற மெஷின் ஓடுகிறது. சத்தம் பல்லில் இறங்குகிறது. பல்லில் தெரிகிறது, காலில் செருப்புக்குள் மணல் தெரிகிறது, நெற்றியில் வியர்வை இறங்குவது தெரிகிறது, எல்லாம் தெரிகிறது. இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் கொஞ்ச நாளாக, எங்கெல்லாம் தெரிகிறது என்று. குளிக்கும்போது மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வருகிறேன், இங்கே தெரிகிறது, இங்கே தெரிகிறது. வலது முழங்கைக்குக் கீழே வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

முதலில் தேமல் என்றுதான் நினைத்தேன். முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம், ஒரு பெரிய பொட்டு அளவுக்கு வெளிறி இருந்தது. மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினேன். பொட்டு வட்டமாகி, வட்டம் ஒரு வெற்றிலை அளவுக்கு வந்தது. அரிக்கவில்லை. அரித்தால் நன்றாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, அரிப்பு என்பது எவ்வளவு நல்ல விஷயம். ஜாக்கெட் கையை முழங்கைக்குக் கீழே வரும்படி தைக்கச் சொன்னேன், இப்பத்தான் இந்த மாடல் வருது டீச்சர் என்றாள் தையல்காரி. அப்புறம் சுண்டுவிரல். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலில் பாதியும். கரும்பலகையில் எழுதும்போது கை ஓரம் பலகையில் உரசுமே, அந்த உரசல் ஒரு நாள் இல்லை. கனமான துணியைச் சுற்றிக்கொண்டு தொடுவது மாதிரி. படுத்த வாக்கில் மரத்துப்போனது என்று நினைத்தேன், சத்துக்குறைவு என்று நினைத்தேன், சர்க்கரையாக இருக்கும் என்று போய் ரத்தம் கொடுத்தேன், சர்க்கரை இல்லை என்று எழுதி வந்தபோது வேறு யாராயிருந்தாலும் சந்தோஷப்படுவார்கள், நான் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். சர்க்கரையாக இருந்திருக்கலாம். சர்க்கரை என்றால் எல்லாரிடமும் சொல்லலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் தோசை வார்க்கும்போது என்னவோ கருகுகிற வாசனை வந்தது. தோசை கருகவில்லை. குனிந்து பார்த்தேன், கை ஓரம் தோசைக்கல்லின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததால்தான் எடுத்தேன். பார்க்காமல் இருந்திருந்தால், வாசலில் யாராவது கூப்பிட்டுத் திரும்பியிருந்தால். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை, தினமும் தோசைக்கல் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆயா டீ கொண்டுவந்தாள், எவர்சில்வர் டம்ளர், எல்லாரும் முந்தானையால் பிடித்து வாங்க, நான் பேச்சுவாக்கில் அடியைச் சுண்டுவிரல் பக்கத்துக் கை ஓரத்தில் தாங்கி வாங்கி வைத்தேன். "கோமளா டீச்சருக்குக் கையில சூடே ஏறாது போல" என்றாள் செல்வநாயகி டீச்சர், பாராட்டாகத்தான் சொன்னாள். அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன்.

சௌந்தரம் அத்தை. அப்பாவின் அக்கா, கல்யாணமாகித் திரும்பி வந்தவள், துறையூரில் எங்களோடுதான் இருந்தாள். கொதிக்கிற சோற்றுப்பானையைத் துணி இல்லாமல் இரண்டு கையாலும் பிடித்து இறக்குவாள். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. நாங்கள் கை தட்டுவோம். அத்தைக்குச் சூடே ஏறாது, அத்தைக்குச் சூடே ஏறாது என்று குதிப்போம், அவள் சிரித்துக்கொண்டு எங்களுக்காக இன்னொரு தரம் தொட்டுக் காட்டுவாள், அடுப்புக்குள் இருந்து கொள்ளியை எடுத்துத் திருப்பி வைப்பாள். அவளுக்கே தெரியாதா, தெரிந்துதான் சிரித்தாளா. நாற்பது வருஷமாக இதை நான் யோசித்ததே இல்லை, இந்த மூன்று வாரமாக இதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. பிறகு அவள் சமையலறைக்குள் வருவது நின்றது. அவளுக்குச் சாப்பாடு கொல்லைக் கதவுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லின் மேல், அம்மா வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்துவாள். ஏன் என்று கேட்டால் வாயில் அடி. பிறகு ஒரு வேன் வந்தது. அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், விரல்களைப் புடவைக்குள் வைத்திருந்தாள், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அத்தை பம்பாய் போயிருக்கா, அங்க வேலை கிடைச்சிருக்கு என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். எங்களிடமும் அதையே சொன்னார். நான் வகுப்பில் பம்பாயைப் பற்றிப் பெருமை அடித்தேன். அவள் எங்கே செத்தாள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு சௌந்தரம் அத்தை என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. பெண் பார்க்க வந்தபோது அப்பாவுக்கு அக்கா தங்கச்சி இல்லை என்றுதான் சொன்னார்கள், நான் காபித் தட்டோடு நின்று அதைக் கேட்டேன். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டவள் அவள்தான், தினமும், அந்தக் கையால்.

"கோமளா, இங்க வா, உன் பிள்ளை சொன்னது இதுதானே" என்று அவர் கூப்பிடுகிறார். வெள்ளை. முழு வெள்ளை, பால் மாதிரி, இவ்வளவு பெரிய வெள்ளையைப் பக்கத்தில் பார்க்கக் கண் கூசுகிறது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் கதிரவன் போனில் படம் படமாக அனுப்புகிறான், குவார்ட்ஸ் போடுங்கம்மா, கிரானைட் பழைய ஸ்டைல் என்று. "இது கல்லுப் பொடியை அரைச்சுப் பசை போட்டு அழுத்திச் செய்யறது சார். துளையே இருக்காது. எது கொட்டினாலும் உள்ள இறங்காது. கிரானைட்டுன்னா என்னதான் பாலிஷ் போட்டாலும் கொஞ்சம் குடிக்கும்" என்கிறாள் ஜெயசீலி. குடிக்குமா என்று அவர் கேட்கிறார். "எண்ணெயைக் குடிக்கும் சார். வெளிர் கலர் கிரானைட்ல இன்னிக்குக் கொட்டின எண்ணெய் ரொம்ப நாள் கழிச்சுக் கருப்பா மேல தெரியும். கொட்டினதே உங்களுக்கு மறந்திருக்கும்." அவள் வியாபாரத்துக்காகச் சொல்கிறாள். எட்டு வயதில் உள்ளே இறங்கியது நாற்பத்தொன்பது வயதில் மேலே தெரியுமா. போனில் தேடிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில், மதிய இடைவேளையில், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு. தொற்றியது வெளியே தெரிய ஐந்து வருஷம் என்கிறது, இருபது வருஷம் என்கிறது. நாற்பது என்று எங்கும் இல்லை. அப்படியானால் அத்தையிடமிருந்து இல்லையா, வேறு எங்கிருந்தோ, பஸ்ஸில், கடையில், யாரோ ஒரு ஆளிடமிருந்து. யாரிடமிருந்து என்பது இப்போது எதற்கு. நான் யாருக்குக் கொடுத்தேன் என்பதுதான் கேள்வி. தேடியதை எல்லாம் அழித்தேன், அழித்துவிட்டு அழிந்ததா என்று திரும்பப் பார்த்தேன். "வெள்ளை வேண்டாங்க. மஞ்சள் கறை பிடிக்கும்" என்கிறேன். "பிடிக்காது மேடம், நான் இப்பவே மஞ்சள் தடவிக் காட்டட்டுமா" என்கிறாள். "சூடு மட்டும் ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரத்தை அப்படியே வெச்சா தழும்பு விழுந்திரும். அதை மட்டும் பார்த்துக்கணும்." சூடான பாத்திரத்தை அப்படியே வைக்கக் கூடாத கல். சூடு தெரியாத கை. இரண்டில் எதைப் பார்த்துக்கொள்வது.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். முப்பத்து நான்கு பிள்ளைகள். கையைப் பிடித்துத்தான் எழுதவைக்க வேண்டும், வேறு வழி கிடையாது, ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் குனிந்து அந்தச் சின்னக் கையை என் வலது கைக்குள் வைத்து அ போட வேண்டும், சுழித்து மேலே கொண்டுபோய்க் கீழே இழுத்து. இந்த மூன்று வாரமாக நான் யார் கையையும் பிடிக்கவில்லை. பலகையில் எழுதிப் போட்டு அதைப் பார்த்து எழுதுங்கள் என்கிறேன். நிவேதா என்று ஒருத்தி, எழுதத் தெரிந்தும் தெரியாத மாதிரி சிலேட்டை நீட்டிக்கொண்டே நிற்கிறாள், டீச்சர் பிடிச்சு விடுங்க டீச்சர் என்று. நான் போய் உட்காரு என்று கத்திவிட்டேன். ஜனவரி முப்பதாம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்தில் உறுதிமொழி வாசித்தேன், வருஷா வருஷம் வாசிக்கிறதுதான், தலைமையாசிரியை காகிதத்தைக் கொடுத்து நீங்க வாசிங்க கோமளா, உங்க குரல்தான் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்றார். தொழுநோயாளிகளைப் பாகுபாடு காட்டாமல் நடத்துவோம். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே தெரிவிப்போம். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, முந்நூறு பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். நீளக் கை ஜாக்கெட்டுக்குள் அது இருந்தது. அன்றைக்கு அது என்னவென்று எனக்கு உறுதியாகத் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். தெரியும். வாசிக்கும்போதே தெரிந்தது, வாசிக்க வாசிக்கக் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் மறுநாள் முப்பத்து நான்கு இடமும் காலி. உறுதிமொழி காகிதத்தில் இருக்கும், காகிதம் தலைமையாசிரியையின் பீரோவில் இருக்கும்.

அவரும் ஜெயசீலியும் கணக்குப் போடுகிற மேஜைப் பக்கம் போகிறார்கள், மேடையின் நீளத்தை எங்கே ஒட்டுப் போடுவது என்று பேசிக்கொண்டு. நான் கல் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு வரிசைக் கற்களுக்கு நடுவில் நுழைகிறேன். இங்கே யாரும் இல்லை. இரண்டு பக்கமும் கல், நடுவில் நான், மேலே தகரத்தின் ஓட்டை வழியாக ஒரு வெயில் கம்பி. பாலிஷ் போடாமல் சொரசொரப்பாக விட்ட கல் ஒன்று இருக்கிறது, லெதர் ஃபினிஷ் என்று அவள் சற்று முன் காட்டியது, தோல் மாதிரி மேடு பள்ளமாக இருக்கும். கைப்பையைக் கீழே வைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் தடவுகிறேன். மேடு, பள்ளம், குளிர்ச்சி, நடுவில் ஈரம், அது ஜெயசீலி துடைத்த இடம். இப்போது வலது கை. கட்டைவிரலில் குளிர்கிறது. ஆள்காட்டி விரலில் குளிர்கிறது, நடுவிரலில் மேடு பள்ளம் தெரிகிறது. வந்துவிட்டது போல, உணர்ச்சி திரும்பி வந்துவிட்டது போல, நான் வீணாகப் பயந்திருக்கிறேன், சத்துக்குறைவுதான். மோதிரவிரலில் பாதி வரைக்கும் கல் இருந்தது. அதற்கப்புறம் கல் இல்லை. கை கல்லின் மேல்தான் இருக்கிறது, அழுத்துகிறேன், கல் இல்லை. இன்னும் அழுத்துகிறேன், சுண்டுவிரலையும் கை ஓரத்தையும் வைத்துத் தேய்த்துக்கொண்டே போகிறேன், எங்கேயாவது ஒரு இடத்தில் தெரியும், ஒரு புள்ளி போதும், கல்லின் முகம் முடிந்து விளிம்பு வந்தது முழங்கை அசைவில்தான் தெரிந்தது, விளிம்பிலும் தேய்க்கிறேன், மேலே, கீழே, கடவுளே ஒரு புள்ளி, அத்தை கொள்ளியைத் திருப்பி வைக்கும்போது இப்படித்தான் தேடியிருப்பாளோ, எங்களைச் சிரிக்கவைக்க இல்லையோ, தனக்காகத்தான் இன்னொரு தரம் தொட்டாளோ.

"மேடம்" என்று கேட்டது. கண்ணைத் திறந்தேன். ஜெயசீலி வரிசையின் முனையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், ரத்தம்." சொரசொரப்பான கல்லின் விளிம்பில், அறுத்தபடியே விட்டிருந்த விளிம்பில், மேலிருந்து கீழே சிவப்பாக இழுத்திருந்தது. என் புடவைக் கொசுவத்தில் சொட்டியிருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தேன், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரைக்கும் பிளந்திருந்தது, ரத்தம் சாவதானமாக வந்துகொண்டிருந்தது, வேறு யாருடைய கையிலோ வருகிற மாதிரி. அவர் ஓடிவந்தார். "என்ன பண்ணின, எப்படி" என்று கேட்டுக்கொண்டே தன் கைக்குட்டையை எடுத்துச் சுற்றினார், இறுக்கிக் கட்டினார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போடும்போது அவர் நிறுத்தினார். முப்பது வருஷம் இரும்போடு வேலை பார்த்தவர், அவர் கையில் வெட்டு விழாத இடம் கிடையாது, இப்படி ஒரு வெட்டை இறுக்கிக் கட்டினால் மனுஷன் எப்படித் துடிப்பான் என்று அவருக்குத் தெரியும். "வலிக்கலையா?" என்றார். மெஷின் நின்றுவிட்டிருந்தது. வலிக்குது என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான், கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் போதும், அவர் நம்பிவிடுவார், கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், நாளைக்கும் தோசைக்கல் இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும். வாயைத் திறந்தேன். "இல்லை" என்று வந்தது. "வலிக்கலைங்க. அந்த இடத்துல எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. அஞ்சு மாசமா." அவர் கைக்குட்டையின் இரண்டு முனையையும் பிடித்தபடியே நின்றார். ஜெயசீலி தன் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள், அதனால் கல்லைத் துடைப்பதா வேண்டாமா என்று தெரியாதவள் மாதிரி, பிறகு துடைத்தாள். "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். கல்லு எங்கயும் போகாது" என்றாள்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம் என்பதால் சொல்ல முடிந்தது. தேமலைச் சொன்னேன், தோசைக்கல்லைச் சொன்னேன், பாலத்தின் மேல் லாரிகளுக்கு நடுவில் சௌந்தரம் அத்தையைச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் அவருக்குப் பாதி கேட்டிருக்காது என்று நினைத்தேன், கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். சிக்னலில் நின்றபோது, "உங்க அப்பா என்கிட்ட மறைச்சாரு, நீயும் மறைச்ச" என்றார். கோபமாக இல்லை. "ஆமாம்" என்றேன். பச்சை விழுந்தது.

தையல் போட்ட பிறகு தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள். என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். முழங்கையின் உள்பக்கம் எலும்புக்குப் பின்னால் விரலை விட்டு உருட்டினார், இடது முழங்கையிலும் உருட்டிப் பார்த்தார். பிறகு பஞ்சைத் திரித்து நுனியாக்கினார். "கண்ணை மூடிக்குங்க. நான் தொடறப்பல்லாம் தொட்ட இடத்தை விரலால காட்டணும், சரியா?" மூடினேன். கன்னத்தில் தொட்டார், காட்டினேன். இடது கையில் தொட்டார், காட்டினேன். வலது தோளில், காட்டினேன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. காத்துக்கொண்டிருந்தேன். மேலே ஃபேன் சுற்றுகிறது, வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், என் வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்கிறது. டாக்டர் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாரோ. பஞ்சைக் கீழே வைத்துவிட்டாரோ. எனக்குப் பின்னால் அவர் மூச்சு மாறியது. ஒரு தடவை உள்ளே இழுத்து வெளியே விடாமல் நின்றது, மறுபடியும் ஒரு தடவை. அப்போது தெரிந்தது, டாக்டர் தொட்டுக்கொண்டிருக்கிறார். நான் காட்டவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கையில் நடப்பதை அவர் மூச்சில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தொழுநோய்தான்மா" என்றார் டாக்டர், நான் கண்ணைத் திறந்ததும், சுற்றி வளைக்காமல். "மாத்திரை இருக்கு, இங்கயே இலவசமாத் தருவோம். ஆறு மாசமா ஒரு வருஷமான்னு டெஸ்ட் பார்த்துட்டுச் சொல்றேன். நரம்பு வீங்கியிருக்கு, அதுக்குத் தனியா மருந்து. உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அதுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. இன்னும் முன்னாடியே வந்திருக்கணும் நீங்க." என்னை எங்கே அனுப்புவீங்க என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "எங்கயும் அனுப்ப மாட்டோம். வீட்டுக்குத்தான் போகணும்." நான் டீச்சர், சின்னப் பிள்ளைங்க, கையைப் பிடிச்சு எழுதவைக்கணும் என்றேன். "மாத்திரை ஆரம்பிச்சதும் தொத்தாது. தையல் பிரிச்சதும் பிடிங்க" என்றார். என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் நின்றுகொண்டேதான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், எனக்கு..." என்றார். என்னைப் பார்க்காமல் கேட்டார். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன் கேட்க வேண்டிய கேள்விதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன், இருந்தும் அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் காது அடைத்துப்போனது. அவரையும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேளை தடுப்பு மாத்திரை, அதை அவருக்கும் எழுதினார்கள்.

மருந்து வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் முதலில் உட்கார்ந்தேன், அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்றுதான். நான் மாத்திரையைப் போட்டு உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டுக் கொடுத்தேன். அவர் எப்போதும் வாய் வைத்துக் குடிக்கிறவர், கல்யாணமான புதிதில் இதற்காகவே சண்டை போட்டிருக்கிறேன். பாட்டிலை வாங்கினார், மாத்திரையை நாக்கில் வைத்தார், கையை உயரத் தூக்கி ஊற்றிக் குடித்தார். தண்ணீர் தாடையில் வழிந்தது. நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். இனிமேல் இப்படித்தான், இந்தப் பாட்டில் மாதிரிச் சின்னச் சின்னதாக, யாரும் எதுவும் சொல்லாமல், வேன் எல்லாம் வராது, வீட்டுக்குள்ளேயே. தாடையைத் துடைத்துக்கொண்டு அவர், "பார்த்தியா" என்றார். "பார்த்தேன்." "வேணும்னு செய்யல. கை தானாத் தூக்கிருச்சு." "தெரியும்ங்க." பாட்டிலின் மூடியைத் திருகினார், திறந்தார், திருகினார். "பயமா இருக்கு கோமளா." எனக்கும் என்றேன். ஐந்து மாதத்தில் அதை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் நகர்ந்து பக்கத்தில் வரவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அவருடைய போன் அடித்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஜெயசீலி. "மேடம், கை எப்படி இருக்கு? தையல் போட்டாங்களா? நான் அதுக்குத்தான் பண்ணினேன், கல்லைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். அப்புறம் என்று வைத்தால் என்றைக்கு. திங்கட்கிழமை கொத்தனார் வருவார். கூடத்து மேஜையில் எத்தனை நாள் சமைப்பது. "முதல்ல காட்டினீங்களே, அந்தக் கருப்பு கிரானைட்டையே எடுத்து வெச்சிருங்க" என்றேன். "சூடா எதையும் வெக்கலாம்ல அதுல?" தாராளமா வெக்கலாம் மேடம் என்றாள். பெஞ்சின் அந்த முனையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், எதிரே ஒரு அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, டோக்கனுக்காக இன்னும் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். "ஓரத்தை மட்டும் நல்லா உருட்டி விடச் சொல்லுங்க ஜெயசீலி. எந்த இடத்துலயும் கூர் இருக்கக் கூடாது. எனக்குத் தொழுநோய், வலது கையில வெட்டினாலும் தெரியாது." அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள், பிள்ளையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போனில் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. "எழுதிக்கிட்டேன் மேடம்" என்றாள் ஜெயசீலி. "பாத்திரம் கழுவற தொட்டிப் பக்கத்து ஓரமும் சேர்த்தா?" அதுவும் சேர்த்து என்றேன்.